உகணைக்குப் போன கார்

வாப்பா விடியற்காலை சுபஹ் நேரம் மௌத்தானார். வெயில் முற்றத்துக்கு வருவதற்குள் மூத்த மகன் அபூசாலி, தம்பி வந்து சேர மைலும் மணியும் கணக்குப் பார்த்து முடித்துவிட்டார். கல்முனையிலிருந்து ஊர் ஊராக நெல் ஏற்றுகிறவர், வழியெல்லாம் அவருக்கு அத்துப்படி. போதாக்குறைக்குப் போன வருசம், எழுபத்தேழில், ஒரு தரம் கொழும்புக்கு விமானத்தில் போய் வந்தவர். அந்தப் பெருமையை அவர் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

தபாற்கந்தோரிலிருந்து போன் எடுத்தபோது கொழும்பிலிருந்த தம்பி ஸமட், "பிளேனில வாறன் காக்கா. வாப்பாட முகத்தப் பாக்காம அடக்கிராதீங்க" என்று அழுதான். அதோடு லைன் அறுந்தது. எங்கே இறங்குவான் என்று கேட்க முடியவில்லை. விமானம் முதலில் மட்டக்களப்பில் இறங்கும், பிறகு உகணையில். கல்முனை இரண்டுக்கும் நடுவில் கிடந்தது.

பக்கத்து வீட்டுப் பளீல் தன் காரையும் கொண்டுவந்து நிறுத்தினான். "ஒண்ட மட்டக்களப்புக்கு விடுவம், மற்றத உகணைக்கு விடுவம் காக்கா."

"ஒரு ஆளுக்கு ரெண்டு காரா?" என்றார் அபூசாலி. "உகணைதான் நமக்குக் கிட்ட. மட்டக்களப்பில இருந்து பிளேனுக்குப் பதினஞ்சு நிமிசம். குந்தி இரிந்தா வந்து சேந்திருவான். ரெண்டேகாலுக்கு இறங்கினா அசர் தொழுகைக்கு முன்ன வீட்ட. தொழுத கையோட அடக்கிரலாம்."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாயில் கொஞ்சம் கசப்பும் இருந்தது. வாப்பாவோடு கோபித்துக்கொண்டு போன ஸமட் மூன்று வருசம் எட்டிப் பார்க்கவில்லை. எட்டு மாதம் படுக்கையில் கிடந்தவரைத் தூக்கி, கழுவி, கஞ்சி பருக்கியது அபூசாலி. கடைசி ராத்திரி வாப்பா கேட்டதோ, "சின்னவன் வந்தானா?" என்று. இரண்டு தரம் கேட்டார்.

மூன்றேகாலுக்கு உகணைக் கார் வெறுமையாக வந்து நின்றது. சாரதி கனகரெத்தினம் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டான். "பிளேனில வந்த ஒராளிட்டக் கேட்டன் முதலாளி. கல்முனைக்குப் போற பொடியன் ஒருத்தர் மட்டக்களப்பிலயே அவசரமா இறங்கிற்றாராம்."

பள்ளியில் அசர் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியாயிற்று. "வைப்பமா, எடுப்பமா?" என்று பள்ளி லெப்பை மெதுவாகக் கேட்டார். உள்ளே தங்கச்சி றாஹிலா, "கொஞ்சம் பொறுங்க காக்கா" என்று கதறினாள். யாருக்காகவும் தன்னை வைத்திருக்க வேண்டாம் என்பது வாப்பா சொல்லி வைத்த கடைசி வசியத்து. அபூசாலி படலைவரை போய் ஒரு தரம் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எடுங்க" என்றார்.

மண் மூடி, தண்ணீர் தெளித்து, துஆ ஓதிச் சனம் கலைந்த பிறகும் அவர் மையவாடியை விட்டு அசையவில்லை. ஐந்து மணியளவில் ஸமட் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தான். ஈர மண்ணைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மட்டக்களப்பில பிளேன் தரையில பட்டதும் இறங்கிற்றன் காக்கா. கார் வரும் வரும் எண்டு ஒரு மணித்தியாலம் பாத்திற்றுத்தான் பஸ் ஏறினன். இன்னும் பதினஞ்சு நிமிசம் பிளேனுக்குள்ள இரிந்திருந்தா... என்ட பிழைதான்."

ஊரும் அதைத்தான் சொல்லிக்கொண்டு போனது. பேசாமல் இருந்திருந்தால் பழி தம்பியோடு போயிருக்கும். அபூசாலியால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"இல்லடா தம்பி. பளீல் மற்றக் காரையும் மட்டக்களப்புக்கு விடுவம் எண்டு சொன்னான். உனக்கு ஒரு கார் போதும் எண்டவன் நான்தான்."

ஸமட் தலை நிமிர்ந்து பார்த்தான். திட்டவில்லை. அது அபூசாலிக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

"வாப்பா என்னைக் கேட்டாரா காக்கா?"

"ஓம். ரெண்டு தரம் கேட்டாரு" என்றார் அபூசாலி. "என்னைக் கேக்கல்ல."

ஸமட் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.