ஏரம்பு வீதி, முன்னாள் பழனியாண்டி ஒழுங்கை

ஏரம்பு வீதிக்குப் பெயர் தந்த ஏரம்பு, தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அங்கே வந்தார். மகன் கனகலிங்கம் வன்னியில் காணி எடுத்துக் குடியேறிய புதிதில், சாவகச்சேரியிலிருந்து பார்க்க வந்தவரை நுளம்பு கடித்தது. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். அந்த ஒழுங்கைக்கு அவர் ஆற்றிய தொண்டு, அதில் நடந்து வெளியே போனதுதான்.

அதற்கு முன் அது பழனியாண்டி ஒழுங்கை. யாரும் கூடி வைத்த பெயரல்ல. எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்த பழனியாண்டி, ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் பற்றைக் காட்டை வெட்டி ஒரு பாதை போட்டு, அதன் தொடக்கத்தில் ஒரு கொட்டில் கட்டினார். பிறகு வந்தவர்கள் அந்தப் பாதையால் உள்ளே போய் ஆளுக்கொரு வளவு எடுத்தார்கள். வழி கேட்டவர்களுக்கு அவருடைய பெயரைச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

கனகலிங்கம் வீடு ஒழுங்கையின் கடைசியில், மேல்மாடியோடு இருந்தது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், சமாதான நீதவான். மதில் பலகையில் அவருடைய பெயர் ஒரு வரி, பட்டங்கள் மூன்று வரி. ஒரே மகள் தாட்சாயினிக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு சம்பந்தம் வந்து தட்டிப்போனதற்குக் காரணத்தைக் கலியாணத் தரகர் அப்புத்துரைதான் கண்டுபிடித்தார்.

"குறிப்புப் பொருந்துது, படமும் பிடிக்குது," என்றார் அப்புத்துரை, இரண்டாவது தேத்தண்ணியைக் குடித்தபடி. "பிறகு விலாசத்தைப் பாக்கினம். பழனியாண்டி எண்டது மலைநாட்டுப் பேரெல்லோ. அந்த ஒழுங்கையிலை இருக்கிறவை என்ன ஆக்கள் எண்டு விசாரிக்க வெளிக்கிடுகினம்."

"விசாரிக்கட்டுமே. நாங்கள் ஆர் எண்டு சொல்லுவம்."

"சொல்ல வேண்டி வந்தாலே பிழைதான் சேர்."

வேலையை விட மாட்டேன், கனடாவுக்கும் வர மாட்டேன் என்று அந்த இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் தாட்சாயினியே போனில் சொல்லியிருந்தாள். அதை அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. பிழை ஒழுங்கையிலேயே இருந்துவிட்டது.

பழனியாண்டிக்கு அந்தப் பெயரில் பெருமை ஒன்றும் இருக்கவில்லை. தேவை இருந்தது. மகன் சதீஸ் இரண்டாயிரத்தொன்பதில், முல்லைத்தீவுக் கரையில், பதினெட்டு வயதில் காணாமல் போனவன். அதன்பிறகு பழனியாண்டியும் மனைவி ஞானேஸ்வரியும் ஏறி இறங்கிய எல்லாக் கந்தோரிலும், நிரப்பிய எல்லாப் படிவத்திலும் அந்த ஒழுங்கையின் பெயரைத்தான் எழுதினார்கள். ஞானேஸ்வரி நான்கு வருடத்துக்கு முன் செத்துப்போனார். இப்போது வீட்டில் பழனியாண்டியும் அந்த விலாசமும்தான்.

ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போடப் பிரதேச சபையிலிருந்து பணம் வந்தது. பெயர்ப்பலகையும் உண்டு, ஊர்ச் சங்கம் கூடிப் பெயரை அனுப்ப வேண்டும் என்றார்கள். சங்கத் தலைவர் கனகலிங்கம்.

"இது ஆரையும் குறைக்கிற அலுவலில்லை," என்று அவர் கூட்டத்தில் சொன்னார். "ஒரு ஒழுங்கை வீதியாகுது. வீதிக்கு வீதிமாதிரி ஒரு பேர் வேணும். என்ரை அப்பான்ரை பேரைச் சில பேர் விரும்பிக் கேக்கினம்."

சில பேர் யார் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பழனியாண்டி எழுந்து நின்றார். நாற்பத்தெட்டு வருடத்தில் அவர் பேச்சு முழுக்க வன்னிப் பேச்சாகிவிட்டது. கூட்டத்தில் எழுந்து நின்றால் மட்டும் மலைப் பேச்சு வந்துவிடும்.

"அந்தப் பேரையே வைங்கய்யா."

"பழனியாண்டி அண்ணைக்கு இந்த வயசிலை பேராசை பிடிச்சிட்டுது," என்றாள் பக்கத்து வளவு ஜெகதீஸ்வரி. மண்டபம் சிரித்தது.

"பேருக்காக இல்லம்மா. சதீஸ் வந்தான்னா இந்தப் பேரைச் சொல்லித்தான் விசாரிப்பான். அவனுக்கு வேற விலாசம் தெரியாது."

சிரிப்பு நின்றது. கனகலிங்கம் முன்னால் இருந்த கடதாசிகளை அடுக்கினார்.

"விலாசம் மாறின விசயத்தைக் கந்தோருகளுக்கு எழுதி அறிவிச்சால் சரிதானே பழனி. நானே சீல் அடிச்சுத் தாறன்."

"கந்தோருக்கு எழுதலாங்க ஐயா. அவனுக்கு எங்க எழுதுறது?"

முப்பது வருடம் அதிபராக இருந்தவருக்கு, பதிலில்லாத கேள்வி வந்தால் என்ன செய்வதென்று தெரியும். கையை உயர்த்தச் சொன்னார். பழனியாண்டியைத் தவிர எல்லோரும் உயர்த்தினார்கள். ஜெகதீஸ்வரிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு உயர்த்தினாள்.

பலகை நடக் குழி வெட்ட ஆள் தேவைப்பட்டது. குழி வெட்டுவதில் பழனியாண்டிதான் கைகாரன் என்று அவரையே கூப்பிட்டார்கள். வெட்டிக் கொடுத்தார். திறப்புவிழாவில் ஏரம்பு, காட்டைக் கழனியாக்கிய முன்னோடி என்று பேசப்பட்டார். கனகலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை வாங்கிவைத்தவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதமாகப் பழனியாண்டியின் படலையை ஒருவரும் திறக்கவில்லை. முன்னரும் அப்படித் திறந்தவர்கள் இல்லை. ஆனால் இப்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது.

"பலகையிலை பேரை மாத்திப்போட்டியள். வாறவன் எப்பிடி வருவான்?" என்று வேலிக்கு மேலால் ஜெகதீஸ்வரியிடம் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார். பதினாறு வருடம் தன்னையும் கடவுளையும் அரசாங்கத்தையும் மாறிமாறி நொந்தவருக்கு, ஒரு தகரப் பலகையை நோவது லேசாக இருந்தது.

மூன்றாவது சம்பந்தம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வான் வண்டியில் வந்தது. பிரதான வீதிச் சந்தியில் நிறுத்தி, ஏரம்பு வீதி எங்கே என்று கேட்டார்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை. பலகைக்குக் கீழே ஓட்டோவை நிறுத்திவைத்திருந்த சாரதிக்கும் தெரியவில்லை.

"ஏரம்போ? அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை. என்ன அலுவல்? ஓ, அதிபர் வீடோ. இதுதான் பழனியாண்டி ஒழுங்கை, நேரை உள்ளுக்குப் போங்கோ. முதல் வளவு பழனியாண்டி வீடு, அங்கை கேளுங்கோ," என்றார் சாரதி.

பழனியாண்டி குசினியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வாகனம் நிற்கும் சத்தம். கதவு இழுபடும் சத்தம். பிறகு படலையில் ஓர் இளந்தாரியின் குரல்.

"பழனியாண்டி வீடு இதுதானே?"

கத்தியைக் கீழே வைத்தாரா, கையோடு கொண்டுவந்தாரா என்று அவருக்குத் தெரியாது. வெளியே வந்தபோது படலையில் முப்பத்துநான்கு, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் நின்றான். பழனியாண்டி அவன் முகத்தைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், காதுகளைப் பார்த்தார். மறுபடியும் முகத்துக்கு வந்தார். பதினாறு வருடத்தில் ஒரு முகம் எவ்வளவு மாறலாமோ அவ்வளவையும் அந்த முகத்துக்கு விட்டுக்கொடுத்துப் பார்த்தார்.

"ஐயா?" என்றான் அவன்.

"ஓம். நான்தான்."

"கனகலிங்கம் அதிபரின்ரை வீடு எதெண்டு காட்டுவீங்களோ?"

பழனியாண்டி சாரத்தைச் சரியாகக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். வான் பின்னால் ஊர்ந்து வந்தது. கடைசி வளவு வாசலில் கனகலிங்கம் பட்டு வேட்டியோடு நின்றார். தன் விருந்தாளிகளை யார் கூட்டிவருகிறார் என்று கண்டதும் சிரித்த வாய் அப்படியே நின்றது.

மாப்பிள்ளையின் தாய் இறங்கிவந்தார்.

"ஏரம்பு எண்டால் ஒரு சனத்துக்கும் தெரியேல்லை. பழனியாண்டி எண்டால் எல்லாருக்கும் தெரியுது. பெரிய மனுசர்போலை. உங்கடை அப்பாவோ?"

அப்புத்துரைக்கு இருமல் வந்தது. கதவடியில் நின்ற தாட்சாயினிக்குச் சிரிப்பு வந்தது.

"வெயில் சுடுது. உள்ளுக்கு வாங்கோ," என்றார் அதிபர்.

அந்தச் சம்பந்தம் என்ன ஆனது என்று பழனியாண்டிக்குத் தெரியாது. அவர் அப்போதே திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பாதி உரித்த கிழங்கின் முன் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து, இந்த ஊரையே பார்த்திராத ஆட்கள், ஒரு தடவை கேட்டதும் நேராக இந்தப் படலைக்கு வந்துவிட்டார்கள். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் வருகிறவர்கள் வந்துவிடுவார்கள். வழியில் எந்தக் குழப்பமும் இல்லை. சதீஸ் வராததற்கு இனிப் பலகையை நோக முடியாது.

பிறகு ஜெகதீஸ்வரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஆர் அண்ணை வானிலை?" என்று கேட்டபோது, பலகையைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.