சென்சார் கண்ணாடியில் சந்தனம்

தர்ஷினிக்கு இரட்டைச் சடை பின்ன உட்கார்ந்த லாவண்யாவுக்கு அன்று மூன்று தடவை வகிடு கோணியது.

"நேரா எடுங்க சித்தி. மிஸ்ஸு கேலி பண்ணுவாங்க," என்றாள் அந்த இரண்டாம் வகுப்புக்காரி.

குழந்தையின் அம்மா மாதேஸ்வரி கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையில் கட்டு. கம்பெனியில் பிரஸ் மெஷின் இறங்கி இரண்டு விரல்களின் நுனி போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. அதே கம்பெனியில் வேலை பார்க்கிற, மத்திகிரியில் ஒரே வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருக்கிற லாவண்யா அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து சடை பின்னிவிட்டுப் போகிறாள். யாரும் கூப்பிடவில்லை. முதல் ஒரு வாரம் மாதேஸ்வரி அவளிடம் வாய் திறந்து பேசவுமில்லை.

"இன்னிக்கித்தான கம்பெனியில உன் விசாரணை?"

"ஆமாக்கா. பதினோரு மணிக்கு."

"என்ன சொல்லப்போற?"

லாவண்யா பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினாள். விபத்துக்குப் பிறகு அவளைச் சஸ்பென்ஷனில் வைத்துவிட்டு, சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் டைப் செய்து கொடுத்த மன்னிப்புக் கடிதம். ஆயுத பூஜையன்று சென்சார் மேல் சந்தனம் பூசியது தன் தவறு என்றும், விபத்துக்கு அதுவே காரணம் என்றும் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். போடாவிட்டால் வேலை போய்விடும் என்று ஹரீஷ்குமார் சிரித்த முகமாகவே சொல்லியிருந்தார்.

மாதேஸ்வரி இடது கையால் தாளை வாங்கி மெதுவாகப் படித்தாள். "அப்ப என் விரலு போனதுக்கு உன் சந்தனந்தான் காரணமா?"

லாவண்யா ரிப்பனை எடுத்துச் சடை நுனியில் சுற்றத் தொடங்கினாள்.

சந்தனம் வைத்தது உண்மைதான். பூஜையன்று மெஷினைக் கழுவி, மஞ்சளும் சந்தனமும் வைத்தபோது, பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் நிற்கிற சென்சார் கண்ணாடியிலும் பக்தியோடு ஒரு பொட்டு வைத்தாள். எத்தனை கைகளைக் காப்பாற்றுகிற கண், அதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? லீவு முடிந்து வந்து சுவிட்சைப் போட்டால் மெஷின் அசையவில்லை. கண்ணாடி மறைந்திருந்தால் கை உள்ளே இருப்பதாக நினைத்து மெஷின் நின்றுவிடும். லாரி காத்திருக்கிறது என்று ஹரீஷ்குமார் பைபாஸ் சாவியைப் போட்டுத் திருப்பினார். அந்தச் சாவியைத் திருப்பினால் சென்சார் இருந்தும் இல்லாத கணக்குதான். லாவண்யா ஈரத்துணியால் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்துவிட்டுப் போய்ச் சொன்னாள், "சார், சுத்தம் பண்ணிட்டேன். சாவியை எடுத்துடலாம்."

"மத்தியானம் பாக்கலாம்மா."

மத்தியானமும் பார்க்கவில்லை, மறுநாளும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த மாதேஸ்வரி அதே மெஷினில் நின்றாள். சிக்கிய தகட்டை எடுக்க, சென்சார் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கையை உள்ளே விட்டாள்.

தொழிற்சங்கம் இருந்த காலத்தில் அந்தச் சாவி சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும். சூப்பர்வைசரும் சங்கத்து ஆளும் சேர்ந்து நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி திறக்கும். சங்கச் செயலாளர் செல்வம் சாப்பிடப் போகுமுன் ஒரு தடவை பெட்டியை எட்டிப் பார்ப்பார். சாவி தொங்காவிட்டால் சோற்றில் கை வைக்கமாட்டார். "அண்ணனுக்குச் சாவிதான் ஊறுகாய்," என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

ஆவணியில் ஹரீஷ்குமார் ஒரு படிவத்தை நீட்டினார். சங்கத்திலிருந்து விலகுகிறேன், குறைகளை நேரடியாக நிர்வாகத்திடமே சொல்லிக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. "நடுவுல ஒரு ஆள் எதுக்கும்மா? நாம ஒரே குடும்பம்," என்றார். லாவண்யாவின் பிள்ளைக்கு இரண்டு வயது. விடியற்காலை ஷிப்டுக்குத் தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டு வருவது அவளை அறுத்துக்கொண்டிருந்தது. பகல் நேர ஜெனரல் ஷிப்டு தருகிறேன் என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதோடு நின்றாளா? ஒண்ணும் ஆகாது என்று சொல்லிச் சொல்லி இன்னும் பதினோரு பெண்களைப் போடவைத்தாள். அதில் மாதேஸ்வரியும் ஒருத்தி. கையெழுத்துகள் பாதியைத் தாண்டியதும் சங்கத்தோடு இனிப் பேச்சில்லை என்று நிர்வாகம் அறிவித்தது. செல்வத்தைப் பர்கூர்ப் பக்கம் இருக்கிற இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். கண்ணாடிப் பெட்டி காலியானது.

"நீ போட்டியேன்னு நானும் போட்டேன்," என்றாள் மாதேஸ்வரி, தாளைத் திருப்பிக் கொடுத்தபடி. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "யாராச்சும் கூட வராங்களா?"

"செல்வம் அண்ணனுக்கு நேத்து போன் பண்ணேன். வேற யூனிட்டு ஆளை உள்ள விடமாட்டாங்களாம். இங்கயே வேலை பாக்கற யாராச்சும் துணைக்கு உக்காரலாம்னாரு. ஆறு பேரைக் கேட்டுட்டேன்க்கா. யாரும் வரல."

"அவங்களுக்கும் வேலை வேணும்ல."

"வேணும்க்கா."

உன்னையும் கேட்கட்டுமா என்று லாவண்யா வாயெடுத்தாள். அந்தக் கட்டைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். ரிப்பனைக் கட்டி முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையின் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு எழுந்தாள்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. தூரத்தில் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலை தெரிந்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டுவதா, பொய் சொல்லாத தைரியம் வேண்டும் என்று வேண்டுவதா என்று தெரியாமல், ஆண்டவனே என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை அறையில் ஏசி குளிர்ந்தது. விசாரிக்க வந்திருந்தவர் கிருஷ்ணகிரி வக்கீல் ஒருவர். பக்கத்தில் ஹரீஷ்குமார். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் லாவண்யா உட்கார்ந்தாள்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க," என்று வக்கீல் தாளை நகர்த்தினார். "துணை வேண்டாம்னு சொல்லிட்டதா எழுதியிருக்கு. வழக்கமா எல்லாரும் போடறதுதான்."

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அவள் வருமுன்பே டைப் ஆகியிருந்தது. செல்வம் அண்ணன் இருந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடவிடுவார் என்று நினைத்தாள். இருந்தும் பேனாவை எடுத்தாள்.

கதவு திறந்தது. மாதேஸ்வரி. புடவையை ஒற்றைக் கையால் கட்டியிருந்ததில் மடிப்பு ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"நீங்க மெடிக்கல் லீவுலதானே இருக்கீங்க?" என்றார் ஹரீஷ்குமார்.

"ஆமாங்க சார். லீவுல இருந்தாலும் தொழிலாளிதானுங்களே. கூட வேலை பாக்கறவங்க உக்காரலாமாமே." கதவைப் பிடித்தபடியே நின்றாள். "இவளுக்குத் துணைக்கு வந்தேன்."

"அடிபட்டவங்களே துணைக்கு வர்றதா?" ஹரீஷ்குமார் வக்கீலைப் பார்த்தார்.

வக்கீல் கட்டுப் போட்ட கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு டைப் செய்த வரியைக் குறுக்கே அடித்தார். "உக்காருங்கம்மா."

மாதேஸ்வரி உட்கார்ந்ததும் லாவண்யா பேனாவைக் கீழே வைத்தாள். மன்னிப்புக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்தில்லாமலே மேசைமேல் வைத்தாள். சந்தனம் வைத்தது நான்தான், துடைத்ததும் நான்தான், சாவியை எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை என்றாள். "மாதேஸ்வரி அக்கா வந்தப்ப சாவி போட்டிருக்குன்னு நான் சொல்லாம விட்டேன் சார். எடுத்திருப்பாங்கன்னு நெனச்சுட்டேன். அது என் தப்பு. அதை எழுதிக்கங்க."

வக்கீல் எழுதி முடித்துத் தாளை நீட்டினார். லாவண்யா பேனாவை எடுக்க, மாதேஸ்வரி முழங்கையால் இடித்தாள். "படி."

படித்தாள். சந்தனம் இருந்தது, அவள் தப்பு இருந்தது. "சார், இதுல சாவி இல்லையே."

"அது தனி விஷயம்மா."

"சாவியை எழுதினாத்தான் போடுவா சார்," என்றாள் மாதேஸ்வரி.

வக்கீல் பெருமூச்சு விட்டுத் தாளைத் திரும்ப இழுத்து, ஓரத்தில் இரண்டு வரி சேர்த்தார். எழுதியபடியே கேட்டார். "அந்தச் சாவி இப்ப எங்க இருக்கு?"

ஹரீஷ்குமாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வக்கீல் அதையும் பார்த்தார்.

அடுத்த விசாரணை திங்கட்கிழமை. அதுவரை சஸ்பென்ஷன் தொடரும் என்றார்கள். வேலை நிலைக்குமா என்று யாரும் சொல்லவில்லை. வெளியே வரும் வழியில் காலிக் கண்ணாடிப் பெட்டியைக் கடந்தார்கள். ஆணிக்குக் கீழே சாவி தொங்கிய தடம் கறுப்பாக இருந்தது.

"உனக்கும் ஏதாச்சும் பண்ணிடுவாங்களாக்கா?"

"பண்ணுவாங்க. பயமாத்தான் இருக்கு." மாதேஸ்வரி மடிப்பைச் சரிசெய்யப் பார்த்து முடியாமல் நின்றாள். லாவண்யா குனிந்து சரிசெய்தாள். "இருபத்திரண்டு நாளா எம்புள்ள நல்லா சடை பின்னிக்கிட்டுப் போறா. காலையில நீ போனப்பறம் அவ கேக்கறா, சித்தி ஏன் இன்னிக்கி அழுதாங்கன்னு. எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல."

பஸ்ஸுக்கு நிற்கையில் லாவண்யா செல்வத்தைப் போனில் பிடித்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சங்கத்தில் திரும்பச் சேருகிற படிவம் தன்னிடம் இருக்கிறது என்றார் அவர். ஆனால் இரண்டு பேரை வைத்துக்கொண்டு நிர்வாகம் பேச வராது, பாதிப் பேர் வேண்டும், அதுவும் இனிமேல் லேசில்லை என்றார்.

"நீ போடவச்ச பதினோரு பேருல நான் போக பத்து," என்றாள் மாதேஸ்வரி. "வீடு வீடாப் போகணும். சில பேரு திட்டுவாங்க."

"திட்டட்டும்க்கா."

மத்திகிரி பஸ் வந்தது. லாவண்யா முதலில் ஏறி, மாதேஸ்வரியின் இடது கையைப் பிடித்து மேலே தூக்கினாள். முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.