பெயர்கள் கேட்காத மதியம்

மதியத் தொழுகைக்கு ஜுஹைனா எழுந்து போனபோது வெளியே மழையா, வெறும் சாரலா என்பது தாணுவுக்கு இப்போது நினைவில்லை. அவள் திரும்பி வந்ததும் சொல்லிவிடவேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்ததாக ஒரு ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகம் அன்றைக்கே உண்டானதா, பிற்பாடு தன் வசதிக்காகத் தானே செய்துகொண்டதா என்பதில் அவனுக்குச் சந்தேகம் உண்டு. இப்படிப்பட்ட ஞாபகங்கள் அவனிடம் வேறு சிலவும் இருக்கின்றன.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் அகமது கபீர் முதலாளியின் லாட்ஜ். தாணு அங்கே மேனேஜர். போனில் வரும் புக்கிங்குகளை ஜுஹைனா பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தென்காசியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, ரம்புட்டான் கடைகளின் ஓரமாகக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாக நடந்து வந்துவிடுவாள். கவுண்டரில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் புரோகிராம் ஒன்றைப் போட்டிருந்தாள். அது இங்கிலீஷை மட்டும்தான் வாசிக்கும். தமிழ் எழுத்து வந்தால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். வாட்ச்மேனும் ரூம் பையன்களும் படிப்பதற்காகத் தங்க வருகிறவர்களின் பெயர்களைத் தமிழில்தான் அடிக்கவேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அதனால் பிரவுசரில் தமிழை வாசிக்கும் ஆட்-ஆன் ஒன்றையும் அவள் சேர்த்திருந்தாள். ஹெட்போனுக்கு வெளியே கசியும் அந்தக் குரல் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சருடையதைப் போலிருக்கும். உலகம்மாள் என்பதையும் விஜய்பாண்டி என்பதையும் அது ஒரே அக்கறையோடு சொல்லும்.

ஆடிச் சீசனின் நடுவில் புக்கிங் சாப்ட்வேர் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. பெயரை அடித்துச் சேமிக்கப் போனால் திரை அப்படியே உறைந்துவிடும். அந்தச் சனிக்கிழமை காலையில் முதலாளி கவுண்டருக்கே வந்து கத்திவிட்டுப் போனார். சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டால், மெட்ராஸ் பேச்சில் ஒருவன் நிதானமாகச் சொன்னான். "பிரவுசர்ல ஆட்-ஆன் எதாச்சும் போட்டிருக்கீங்களா சார்? அன்இன்ஸ்டால் பண்ணிடாதீங்க. ஒண்ணொண்ணா டிசேபிள் பண்ணிப் பாருங்க. ப்ராப்ளம் போச்சுன்னா அதுதான். போகலேன்னா திரும்ப ஆன் பண்ணிட்டு அடுத்ததைப் பாருங்க."

ஜுஹைனா தொழப் போன நேரத்தில் தாணு அந்தப் பட்டியலைத் திறந்தான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன ஸ்விட்ச். தமிழ் வாசிப்பது மேலே இருந்தது. அதற்குக் கீழே, அவள் வேலை முடிந்து போன பிறகு படம் இறக்கிப் பார்ப்பதற்காக அவன் போட்டுவைத்த ஒன்று. அவன் கண் இரண்டின்மேலும் பட்டது. மேலே இருந்ததை அணைத்தான். கீழே இருந்ததைத் தொடவில்லை. வரிசைப்படி போகவேண்டும் அல்லவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இரண்டு மூன்று பெயர்களை அடித்துப் பார்த்தான். நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார்.

"என்ன தாணு, கண்டுபிடிச்சியா?"

"அந்தப் பிள்ள போட்டிருக்க பேசுத சாமானாலதான் மொதலாளி. அணைச்சு வச்சிருக்கேன். இப்ப நல்லா ஓடுது."

"நான் அப்பமே நெனச்சேன். வீட்டுல சொன்னாளேன்னு இவள வேலைக்குச் சேத்தது." முதலாளி ஈரத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. இந்தச் சீசன் ஓடட்டும். பொறவு பாப்போம்."

பின்கட்டிலிருந்து சுவரில் விரலை ஓட்டியபடி ஜுஹைனா வந்தாள். முதலாளிக்கு ஸலாம் சொன்னாள். அவரும் பதில் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று அன்பாகத்தான் கேட்டார். அவர் போகும்வரை தாணு சும்மா இருந்தான். போன பிறகும் சும்மா இருந்தான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விசைகளைத் தட்டினாள். பிறகு தலையைச் சாய்த்து, தட்டியதையே திரும்பத் தட்டினாள்.

"அண்ணே, பேரு இருக்க எடத்துல ஒண்ணும் சொல்ல மாட்டேங்கு. காலியாவா கெடக்கு?"

தாணு திரையைப் பார்த்தான். வரிசையாக எல்லாப் பெயர்களும் இருந்தன.

"ஆமா, காலியாத்தான் தெரியுது. சர்வர்ல ஏதோ கோளாறு போல."

"அப்ப இன்னைக்கு நம்ம லாட்ஜுல பேரில்லாத ஆளுவதான் தங்கப்போறாவ." அவள் சிரித்தாள்.

அத்துடன் விட்டுவிடுவாள் என்று நினைத்தான். அவள் விடவில்லை. போன் நம்பர்கள் மட்டும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, "மன்னிச்சிக்கிடுங்க, உங்க பேர மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தாள். சிலர் சொன்னார்கள். சிலர் எரிந்து விழுந்தார்கள். சிலர் எடுக்கவேயில்லை. கேட்டதையெல்லாம் மனப்பாடம் செய்வதுபோல அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. இவ்வளவும் அவன் கண் முன்னால்தான் நடந்தது. கை நீட்டினால் அந்த ஸ்விட்ச். ஆனால் அதைத் தட்டினால் பெயர்கள் எப்படித் திரும்பி வந்தன என்று சொல்லவேண்டும். முதலாளியிடம் சொன்னதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மாடியில் தண்ணீர் ஏறவில்லை என்று யாரோ சொன்னதைச் சாக்காக வைத்து அவன் எழுந்து போனான்.

அவன் மாடியில் இருந்தபோதுதான் மாரிச்செல்வி என்கிற அம்மா போன் செய்திருக்கிறாள். தன் தாயாருக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, தங்களுக்குக் கீழ்த்தளத்தில் ரூம் மாற்றிக் கொடுங்கள் என்று. எந்த நம்பரில் புக் செய்தது என்று ஜுஹைனா கேட்டதற்கு, தம்பிதான் ஏதோ நம்பரில் போட்டான், என் பேரைப் பாருங்கள் என்றிருக்கிறாள். நாலு பேர், ஒரு ராத்திரி, சாத்தூர் என்று விசாரித்து, ஒத்துவந்த ஒரு புக்கிங்கை ஜுஹைனா கீழே மாற்றினாள். அதே மாதிரி நாலு பேர் கொண்ட இன்னொரு கூட்டமும் சாத்தூரிலிருந்தே புக் செய்திருந்தது; அவள் மாற்றியது அவர்களுடையதை. எல்லாரும் காலேஜ் பையன்கள். கீழ் ரூமை வாங்கிப் பூட்டிக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் மாரிச்செல்வி வந்து விஷயம் தெரிந்தபோது சத்தம் போடவில்லை. "போன்ல அத்தன தடவ சொன்னேன்லா? எழுதினது யாரு?" என்றாள்.

"நான்தான் அக்கா" என்று ஜுஹைனா எழுந்து நின்றாள்.

மாரிச்செல்வி அவளைப் பார்த்தாள். கோலைப் பார்த்தாள். பிறகு தாணுவிடம் திரும்பினாள். "கண்ணு தெரியாத பிள்ளைய உக்கார வச்சா பின்ன எப்படி இருக்கும்? ஒங்களச் சொல்லணும்."

"விடுட்டி" என்றாள் அவள் தாய்.

"தப்பு என் மேலதான். மன்னிச்சிக்கிடுங்க" என்றாள் ஜுஹைனா. முதலாளி தன் அறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாணு வாயைத் திறந்தான். "சிஸ்டம் ப்ராப்ளம் மேடம்" என்றுதான் வந்தது.

கிழவியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மகன் ஒரு பக்கமும் தாணு ஒரு பக்கமுமாகத் தூக்கினார்கள். படிகளெல்லாம் ஈரக் கால்தடம். வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் அவள் தாணுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது அவன் நெற்றி வேர்வையைத் தன் முந்தானையால் ஒற்றி, "ஓம் பிள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கும் ராசா" என்றாள். தாணு நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவன் இறங்கி வந்தபோது ஜுஹைனா கைகளை மேசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, மறுபடியும் நின்னுட்டு."

தாணு "கொஞ்சம் எந்திரி" என்று சொல்லி உட்கார்ந்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, பட்டியலைத் திறந்து, மேலே இருந்ததைத் தட்டி உயிர்ப்பித்தான். கீழே இருந்த தன்னுடையதை அணைத்தான். அதன் பிறகு அந்த சாப்ட்வேர் ஒருமுறைகூட நிற்கவில்லை.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. டீச்சர் குரல் கசிந்தது.

"பேரு வருது" என்றாள். இன்னும் கொஞ்சம் இறங்கினாள். "மாரிச்செல்விங்கிற பேரும் இருக்கு. நேத்து நான் அடிச்சது அப்படியே இருக்கு."

பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வெளியே வேன் ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் வந்து அடங்கியது.

"நீங்க அணைச்சியளா அண்ணே?"

"செக் பண்ணிப் பாக்கத்தான். உடனே போட்டிரலாம்னு…"

"சொல்லியிருந்தா நானே அணைச்சிருப்பனே."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்து அவன் முதலாளியின் அறைக்குப் போனான். சொல்லிவிடத்தான் போனான். "சரியாயிட்டா?" என்று அவர் கேட்டார். "சரியாயிட்டு மொதலாளி" என்றான். அவன் அங்கேயே நிற்பதைப் பார்த்து, "வேற?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றான்.

சீசன் முடிந்ததும் முதலாளி ஜுஹைனாவைக் கூப்பிட்டு, வேலையை விட்டு எடுத்ததாக நினைக்கவேண்டாம், அடுத்த சாரலுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். அடுத்த சாரலுக்கு வேறொரு பெண் வந்தாள். மாரிச்செல்வி குடும்பம் பிறகு அந்த லாட்ஜுக்கு வரவில்லை. அகமது கபீர் பின்பக்கம் இன்னொரு கட்டடம் எழுப்பினார். தாணுதான் இரண்டுக்கும் மேனேஜர். ஜுஹைனாவுக்குத் திருநெல்வேலியில் ஒரு கம்பெனியில் போன் எடுக்கிற வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள். அது உண்மைதான் என்பது, பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறிக்குப் போக தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு காலையில் அவனுக்குத் தெரிந்தது. திருநெல்வேலி பஸ் நிற்கும் இடத்தில், இரண்டு எட்டுத் தள்ளி, அவள் கோலை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். தாணு இருந்த இடத்திலேயே நின்றான்.

பஸ் வந்தது. பக்கத்தில் மூட்டையோடு நின்ற ஒருவர் அவனிடம், "ஏம்பா, இது பாவூர்சத்திரத்துல நிக்குமா?" என்று கேட்டார். தாணு தலையை மட்டும் ஆட்டினான். அவர் கவனிக்கவில்லை. மறுபடியும் கேட்டார். அவன் பஸ்ஸைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டினான்.

"நிக்கும் அண்ணாச்சி, ஏறுங்க" என்றாள் ஜுஹைனா, குரல் வந்த பக்கமாகத் திரும்பி.

அவர் ஏறினார். அவளும் கம்பியைத் தேடிப் பிடித்து ஏறிக்கொண்டாள். அது தாணு போகவேண்டிய பஸ்ஸும்தான். அவன் அடுத்த பஸ்ஸில் போனான்.