சவுண்டு வைத்தவன்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழே முக்கால் மணிக்கு, தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், பரசுராமனின் வெள்ளை சுமோவில் ஆறாவது பாட்டின் இரண்டாவது சரணம் தொடங்கியபோது, அவருடைய இடது கடைவாய்ப் பற்கள் இரண்டும் யாரும் தொடாமலே உடைந்து பட்டு வேட்டியில் விழுந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தேங்காய்த் துண்டு என்று நினைத்து அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவு கண்ணாடியில் பார்த்தான். பதினேழு நாளைக்கு முன்பு இதே பாட்டில், இதே சரணத்தில், இதே வண்டியின் பின்சீட்டில், பரசுராமன் மோதிரக் கையால் நெட்டுக்குப்பத்து வாட்ச்மேன் ஒருவரின் வாயில் குத்தியது அவன் நினைவுக்கு வந்தது. அப்போது விழுந்ததும் இடது கடைவாய்ப் பற்கள் இரண்டு.

துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை அந்த நாட்களில் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் வரைக்கும் நிற்கும். அந்த வரிசையில் எந்த வண்டி முன்னால் போக வேண்டும், எது மூன்று நாள் வெயிலில் காய வேண்டும் என்று சொல்லுகிறவர் பரசுராமன். மறுத்துப் பேசியவர்களை அவர் ஆபீசில் வைத்து அடிப்பதில்லை. ஆபீசுக்குச் சுவர் உண்டு, சுவருக்கு அடுத்த வீடு உண்டு. கறுப்பு பிலிம் ஒட்டிய கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பட்டப்பகலில், லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும் சுமோவைவிடப் பத்திரமான அறை வடசென்னையில் கிடையாது என்பது அவர் அனுபவத்தில் கண்டது. டில்லிபாபு என்பவன் பக்கத்தில் உட்கார்ந்து அடிபடுகிறவனின் கைகளைப் பிடித்துக்கொள்வான். பரசுராமன் "சவுண்டு" என்பார். அப்பாவு ஸ்டீரியோவின் குமிழைப் பன்னிரண்டிலிருந்து முப்பதுக்குத் திருப்புவான். அவன் வேலை அவ்வளவுதான். யார் மேலும் அவன் ஒரு நாளும் கை வைத்ததில்லை. வியாசர்பாடி ஹவுசிங்போர்டு வீட்டில் மனைவி ரமாபாயிடம் டிரைவர் வேலை என்று சொல்லியிருந்தான். அது பொய்யும் இல்லை.

பல் விழுந்த மறுநாள் ஸ்டீரியோவைக் கழற்றிக் காஜா மொய்தீனின் கடைக்கு எடுத்துப் போனார்கள். கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டுவதும், பாட்டு டிஸ்க் பதிந்து கொடுப்பதும் அவர் தொழில். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல நைனா. லென்ஸ் கிளீனா கீது. இன்னா, இது ஷாக் தாங்காது. பள்ளத்துல வுட்டா பாட்டு எகிறி நாலு வரி பின்னாடி போவும். அவ்ளோதான்."

"அப்ப பல்லு?" என்றான் அப்பாவு.

"பல்லு என் டிபார்ட்மென்ட்டு இல்லப்பா. பல் டாக்டராண்ட போ."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் விஷயம் முழுதும் விளங்கிவிட்டது. எந்தப் பாட்டு ஓடும்போது பரசுராமன் ஒருவரை அடித்தாரோ, அந்தப் பாட்டு அந்த வண்டிக்குள் மறுபடி ஓடி அதே இடத்துக்கு வந்தால், அதே அடி அவர் உடம்பில் அதே இடத்தில் விழும். அவர் வண்டியில் இல்லாவிட்டால் அது வெறும் பாட்டு. டிஸ்க்கை உடைத்துக் கடலில் போட்டார்கள். வேறு டிஸ்க்கில் அதே பாட்டு வந்தபோதும் அடி விழுந்தது. ஸ்டீரியோவை மாற்றினார்கள், விலா எலும்பு ஒன்று போனது. வண்டியை விற்றுவிடலாம் என்று மனைவி அழுதாள். பரசுராமன் சம்மதிக்கவில்லை. ரேடியோப் பெட்டிக்குப் பயந்து வண்டியை விற்றவன் என்று ஒரு கிளீனர் பையன் சிரித்துவிட்டால், அப்புறம் லாரி வரிசையில் எவன் அவர் பேச்சைக் கேட்பான்?

ஆகவே ஒவ்வொரு அடிக்கும் ஒரு புதுப் பாட்டு தேவைப்பட்டது. படம் வெளிவரும் முன்பே காஜா மொய்தீனின் கடையிலிருந்து டிஸ்க் வந்துவிடும். பொங்கல், தீபாவளிக்குப் பாட்டு நிறைய கிடைத்தது, அடியும் நிறைய நடந்தது. ஆடியில் பாட்டு குறைவு. ஆட்கள் கொஞ்சம் பிழைத்தார்கள். ஆனால் யாரை, எங்கே, எந்தப் பாட்டில் அடித்தோம் என்பது பரசுராமனுக்கு ஒரு வாரம்கூட நினைவில் நிற்கவில்லை. அடித்துவிட்டுக் கைகழுவிச் சாப்பிடப் போகிறவர் அவர். அப்பாவுவுக்கு அத்தனையும் நினைவிருந்தது. பின்சீட்டுச் சத்தம் காதில் ஏறாமலிருக்க அவன் பாட்டை வரிவரியாகக் கவனித்து ஓட்டியவன். எந்தப் பாட்டின் எந்த வரியில் எது உடைந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். அதனால் ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் பரசுராமன் முன்பக்கம் குனிந்து கேட்பது வழக்கமானது.

"சுத்தமாடா?"

"கலீஜ்ணா. அடுத்ததுக்குப் போறேன்."

2004-இல் ஒரே டிஸ்க்கில் நூற்றைம்பது பாட்டு அடைத்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. நூற்றைம்பதில் ஒன்று பழையதாக இருந்து பரசுராமனின் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. அதே வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த அவர் அக்காள் மகன், விரல் அளவே உள்ள பிளேயர் ஒன்றைக் கொடுத்தான். சிகரெட் லைட்டர் ஓட்டையில் ஒரு குமிழைச் செருகினால் அதிலுள்ள பாட்டு ரேடியோ வழியாகக் காருக்குள் வரும். டிஸ்க்கே இல்லாததால் தொல்லை ஒழிந்தது என்று எண்ணினார்கள். அந்தப் பிளேயர் வரிசையாகப் பாடாது, கலைத்துப் போட்டுப் பாடும். அதை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. ராயபுரம் பாலம் ஏறி இறங்குவதற்குள் பரசுராமன் ஒரு அறை, வயிற்றில் ஒரு உதை, காலில் ஒரு சிகரெட் சூடு வாங்கினார். பிளேயரைப் பாலத்திலிருந்தே வீசினார். மறுபடி டிஸ்க்குக்கும் அப்பாவுவின் நினைவுக்கும் திரும்பினார்.

2005 ஜூன் முதல் வாரத்தில் பீம்ராவ் என்ற டிரெய்லர் டிரைவர், வரிசையில் நான்கு நாள் நின்ற பிறகு, தன் வண்டியை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டின் குறுக்கே நிறுத்திச் சாவியைக் கடலில் எறிந்தான். அன்று மாலை வரை ஒரு லாரியும் நகரவில்லை. பரசுராமனின் சொல்லுக்கு மரியாதை போய்விட்டது. பீம்ராவ், ரமாபாயின் தம்பி.

பதின்மூன்றாம் தேதி பரசுராமன் அப்பாவுவை அழைத்தார். "அவன் உன் மச்சானாமே?"

"ஆமாண்ணா."

"அதனால இன்னா? நாளைக்கு ரெண்டு முட்டியும் எடுக்கறேன். சவுண்டு கொஞ்சம் தூக்கலா வை. சொந்தக்காரன் கத்தறது காதுல வுழக்கூடாது பாரு." டில்லிபாபு சிரித்தான்.

அப்பாவு போய் ஓடிப்போகச் சொன்னபோது பீம்ராவ் கேட்கவில்லை. "ஓடினா என் வண்டிய எவன் பாத்துப்பான் மாமா? வரட்டும்," என்றான். அப்பாவு வீட்டுக்கு வந்து, நான்கு வருடத்தில் முதல் முறையாக, ரமாபாயிடம் எல்லாவற்றையும் சொன்னான். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"வண்டி ஓட்டறேன்னுதானே சொன்ன?"

"வண்டிதான் ஓட்டறேன்."

"பின்னாடி ஒருத்தன் கத்துவான். நீ பாட்டு வெப்ப."

அவள் சட்டையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"நாலு வருஷமா அந்தச் சோத்ததான் துன்னுகினு கீறேன்," என்றாள் அவள். "நாளைக்கு என் தம்பி ரெண்டு காலோட நடந்து வரணும். வரல, நீயும் இந்தப் படி ஏறாத."

அப்பாவு நேரே காஜா மொய்தீன் கடைக்குப் போய், பதினாறு பாட்டுகளின் பெயரை ஒரு குறிப்பிட்ட வரிசையில் சொன்னான். அவர் எழுதிக்கொண்டே வந்து எட்டாவதில் நிறுத்தினார்.

"எல்லாம் பழசா கேக்கறியே. கலீஜா?"

"எல்லாமே, பாய்."

காஜா மொய்தீன் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். "மெதுவான ஸ்பீடுல ஏத்தித் தரேன்," என்றார். "அப்பதான் நல்லா வுழும்." டிஸ்க்கின் மேல் பச்சை மையால் 'புதுப் பாட்டு' என்று எழுதிக் கொடுத்தார்.

பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பீம்ராவைத் திருவொற்றியூரில் ஏற்றினார்கள். அவனை நடுவில் உட்கார வைத்து, டில்லிபாபு கைகளைப் பிடித்துக்கொண்டான். பரசுராமன் இரும்புக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கம் குனிந்தார்.

"சுத்தமாடா?"

"சுத்தம்ணா," என்றான் அப்பாவு. "நேத்துதான் வந்த படம்."

"தெரிஞ்ச மேளமா கீதே?"

"எல்லா மேளமும் ஒரே மாதிரிதாண்ணா இப்ப."

"சவுண்டு," என்றார் பரசுராமன். குமிழ் முப்பத்திரண்டுக்குப் போனது. அவர் பீம்ராவின் கன்னத்தில் முதல் அறையை விட்டு, குழாயை ஓங்கியபோது, பாட்டு மூன்றாவது வரிக்கு வந்தது. அந்த வரியில் அவர் ஒரு கிரேன் ஆபரேட்டரின் வலது மணிக்கட்டை முறித்திருந்தார். குழாய் அவர் காலடியில் விழுந்தது. இரண்டாவது பாட்டில் பட்டறை பிட்டர் ஒருவரின் முட்டி இருந்தது; அதற்குப் பிறகு அவரால் கதவைத் திறந்து இறங்க முடியாது. மூன்றாவதில் இடது கை விரல்கள் நான்கு. ஸ்டீரியோவை அணைக்க முன்னால் நீண்ட அந்தக் கையின் விரல்கள், குமிழைத் தொடும் முன்பே பின்பக்கம் வளைந்தன. அப்பாவு வரிசையை அப்படித்தான் சொல்லியிருந்தான். டில்லிபாபு தன் மணிக்கட்டுகளில், யாரும் தொடாமலே, பத்து விரல்கள் அழுந்துவதை உணர்ந்து, பீம்ராவை விட்டுவிட்டு, ஓடும் வண்டியிலிருந்து குதித்துக் கடற்பக்கம் ஓடினான்.

எர்ணாவூரைத் தாண்டியதும் சாலை கெட்டுப்போகும். லாரிகளும் உப்புத் தண்ணீரும் தோண்டிய பள்ளங்களில் தினமும் சக்கரம் படாமல் ஓட்டியவன் அப்பாவு. அன்று ஒவ்வொன்றாகத் தேடி இறக்கினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிஸ்க் எகிறி நாலு வரி பின்னால் போனது. விழுந்த அடியே மறுபடி விழுந்தது. எட்டாவது பாட்டு, லாரி நிறுத்த நிலம் தரமாட்டேன் என்ற சடையங்குப்பத்து அறிவு என்பவரின் பின்கழுத்து. அறிவுவைப் பரசுராமன் குழாயால் அடித்தது ஒரே ஒரு முறை. அறிவு அன்றிலிருந்து கட்டிலில் இருக்கிறார். அந்தப் பாட்டு அந்த இடத்தில் பதினோரு முறை எகிறியது. வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள், கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு உருவம் பாட்டுக்கு ஏற்பத் துள்ளுவதைப் பார்த்தார்கள். இரண்டு பேர் கையசைத்தார்கள். உள்ளே பரசுராமன் போட்ட சத்தம் ஒரு சொட்டும் வெளியே வரவில்லை.

"மாமா, போதும், நிறுத்து," என்றான் பீம்ராவ். அவன் கத்தவில்லை; மெதுவாகத்தான் சொன்னான். முப்பத்திரண்டு சவுண்டில் அது எப்படித் தனக்குத் தெளிவாகக் கேட்டது என்று அப்பாவு அப்போதுதான் கவனித்தான். வண்டிக்குள் பாட்டு இல்லை. ஸ்பீக்கர் அதிர்ந்துகொண்டிருந்தது, கதவுகள் அதிர்ந்தன, அவன் காதுக்குப் பாட்டு வரவில்லை. பாட்டு இருந்த இடத்தில் வாட்ச்மேன் கத்தினார். கிரேன் ஆபரேட்டர் அம்மாவைக் கூப்பிட்டார். அறிவு, "ணா, வேணாம்ணா, புள்ளகுட்டி கீதுணா," என்றார். நான்கு வருடத்துக் குரல்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், தனித்தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல். அப்பாவு நிறுத்தவில்லை. பதினாறாவது பாட்டும் முடிந்து டிஸ்க் தானாக வெளியே வந்த பிறகு, கத்திவாக்கத்தில், சிக்னல் போட்டு ஓரமாக நிறுத்தினான். பரசுராமன் அறிவுவின் பாட்டிலேயே இறந்திருந்தார்.

போலீஸ் விசாரணை முறைப்படி நடந்தது. குழாயில் ரத்தம் இல்லை, பீம்ராவின் கையில் ஒரு கீறல் இல்லை. டில்லிபாபு, "பாட்டு அடிச்சது சார்," என்று வாக்குமூலம் கொடுத்தான். ஏட்டு அப்படியே எழுதிக்கொண்டார். பிரேத அறையின் வாசலில் இரண்டு நாள் கூட்டம் நின்றது. நின்றவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை. முட்டியை ஒருவர் பார்த்து, "இது என்னுது," என்றார். விரல்களை ஒருத்தி அடையாளம் சொன்னாள். சடையங்குப்பத்திலிருந்து அறிவுவைக் கட்டிலோடு தூக்கிவந்து காட்டினார்கள். வாட்ச்மேனின் மனைவி குணசுந்தரி மட்டும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எங்களுது அப்பவே வந்துச்சி," என்று கிளம்பிப் போனாள்.

பீம்ராவ் இரண்டு காலோடு நடந்து வந்ததால் ரமாபாய் கதவைத் திறந்தாள். ஆனால் ஆறு மாதம் அப்பாவுவிடம் பேசவில்லை. அவன் பால் வண்டி ஓட்ட மாதவரம் போய்வந்தான். பாட்டு அவனுக்கு அன்றோடு போயிற்று. ரேடியோ, டிவி, செல்போன், மேளம் எதிலும் ஒரு ஸ்வரம் கேட்காது. பாட்டுக்கு அடியில் மனிதர்கள் பேசுவது மட்டும், எவ்வளவு தூரமானாலும், கேட்கும். முதலில் டாக்டரிடம் காட்டினார்கள். பிறகு ஹவுசிங்போர்டில் அதற்கு ஒரு பயன் கண்டுபிடித்தார்கள்: கல்யாணத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் சமையல்காரர் என்ன கேட்கிறார் என்று தெரியாவிட்டால் அப்பாவுவை அழைப்பார்கள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

2006 ஆடியில், கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, தெரு முனையில் எட்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மதியச் சாப்பாட்டில் இரண்டாவது பிடி எடுத்தவன் நிறுத்தினான்.

"இன்னா?" என்றாள் ரமாபாய். எட்டு ஸ்பீக்கருக்கு நடுவிலும் அது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"சி பிளாக், மூணாவது மாடி," என்றான். "பெல்ட்டால அடிக்கறான். அந்தப் பொண்ணு வெளில கேக்காதுன்னு தெரிஞ்சி மெதுவா அழுவுது."

கையைக் கழுவிக்கொண்டு செருப்பு மாட்டினான். ரமாபாய் அவன் தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்துவிட்டு, குழம்பு ஆறாமலிருக்க அடுப்பைச் சிறிதாக எரியவிட்டாள்.