மெஷின்காரன் வந்த நாள்

அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். மாமனார் அப்படிக் கூப்பிடுவதில் நியாயம் இருக்கிறது. வாசல் காவலாளிக்கும் மாப்பிள்ளை, தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் மாப்பிள்ளை, கீழ்வீட்டில் துணி தைக்கும் டைலர் அக்காவுக்கும் மாப்பிள்ளை. சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பதே அவனுக்குப் பல நேரம் மறந்துபோகும்.

அவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடியதும், மாமாவுக்கு மறதி முற்றியதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தன. மனைவிக்கு ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மாமாவையும் தனியே விட முடியாது. கொஞ்ச நாளைக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அதே ஊரில்தான் இருந்தான். அப்பப்போ போனில் கூப்பிட்டு, அப்பாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

மாமா ஒருமுறை யாரும் பார்க்காத நேரம் வெளியே இறங்கிப் போய், எங்கோ ஒரு பஸ் டிப்போவில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து வாசல் கதவு உள்ளே பூட்டியே இருக்கும். சாவியை அவன் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தான். மாமாவால் வெளியே போக முடியாது. அவனாலும்தான், ஆனால் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மாமாவின் படுக்கை விரிப்பு தினமும் நனைந்துவிடும். அதனால் வாஷிங் மெஷின் ஒருநாள் நின்றாலும் வீடு நாறிவிடும். அந்த வாரம் பார்த்து மெஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. தண்ணீர் பிடிக்கும், நிறையும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மூடி வரைக்கும் ஏறி வழியும். கம்பெனிக்குப் போன் செய்தால், வருகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. அவனே போனில் வீடியோ பார்த்து ஆராய்ந்தான். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்வது ஒரு மெல்லிய ரப்பர் குழாய். அதில் சோப்பு அடைத்துக்கொண்டால் மெஷினுக்குக் கணக்குத் தெரியாது, ஊற்றிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றி, வாயால் ஊதி, வெந்நீர் விட்டுக் கழுவி மாட்டினான். அடுத்த நாள் ஒழுங்காக ஓடியது. அச்சகத்தில் பழைய இயந்திரம் ஒன்றைச் சரிசெய்த அன்றைக்கு வந்த மாதிரி ஒரு தெம்பு வந்தது. இரவு மனைவியிடம் இரண்டு தடவை அதைச் சொன்னான்.

மறுநாள் முற்பகல். மாமா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மெஷின் பின்பக்க பால்கனியில் இருந்தது. சின்ன பால்கனி, மெஷினையும் ஒரு ஆளையும் தவிர வேறெதுவும் கொள்ளாது. விரிப்புகளைப் போட்டு ஓடவிட்டு உள்ளே வந்தவனுக்கு, தண்ணீர் வழியும் சத்தம் மறுபடி கேட்டது. ஓடினான். மூடிக்கு அடியிலிருந்து நுரையோடு கொட்டிக்கொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினான். அது ஒரு சோதனையும்கூட. கரண்ட் போனதும் தண்ணீர் நின்றால் கோளாறு உள்ளே எங்கோ இருக்கிறது. நிற்காவிட்டால், தண்ணீரை உள்ளே விடும் வால்வே மூடாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிற்கவில்லை. சரி, சுவரில் இருக்கும் குழாயை மூடலாம் என்று பிடியைத் திருகினான். மரை தேய்ந்துபோன பிடி, எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுற்றியது. தரையில் இருந்த சின்ன வடிகாலில் துணிப்பிசிறு அடைத்துக்கொண்டு, தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. கீழே டைலர் அக்காவின் பின்கட்டு. மாப்பிள்ளை, தைச்ச துணியெல்லாம் போச்சு என்று அவள் குரல் வந்தது.

குழாயிலிருந்து மெஷினுக்குப் போகும் பிளாஸ்டிக் ஹோஸை இரண்டாக மடித்து, முறுக்கி, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தான். தண்ணீர் நின்றது. ஒரு கையை எடுத்துப் பார்த்தான், சீறிக்கொண்டு வந்தது. மறுபடி அமுக்கினான். இப்போது வழி ஒன்றுதான். குளியலறையில் வீட்டுக்கே பொதுவான வால்வு இருக்கிறது. யாராவது போய் அதை மூட வேண்டும். இல்லையென்றால் கையை விட்டுவிட்டு அவனே ஓட வேண்டும், அதற்குள் அக்காவுக்கு இன்னும் இரண்டு வாளித் தண்ணீர் இறங்கும், பரவாயில்லை. அப்படித்தான் நினைத்தான். அதற்குள் சத்தம் கேட்டு மாமா வந்தார்.

பால்கனிக் கதவு கண்ணாடிக் கதவு. மாமா அதன் அந்தப்புறம் நின்று, ஈரச் சட்டையோடு ஹோஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிதானமாகக் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டார்.

"மாமா, திறங்க. நான்தான்."

மாமா தலையை ஆட்டினார். யார் வந்து நான்தான் என்று சொன்னாலும் நம்பக்கூடாது என்ற மாதிரி ஆட்டினார்.

போன் உள்ளே மேஜையில் இருந்தது. அக்காவிடம் கத்திச் சொல்லி, மனைவிக்குப் போன் போட வைத்தான். வேலை நேரத்தில் அவள் போன் ஆஸ்பத்திரி லாக்கரில் இருக்கும், எடுக்கவில்லை. அக்கா மேலே வந்து வாசல் மணியை அடித்துப் பார்த்தாள். மாமா போய், வீட்டில் யாரும் இல்லை என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். திறக்கச் சொன்னாலும் அவரால் முடியாது. பூட்டைத் திறக்கும் சாவி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது.

கண்ணாடியை உடைக்கலாமா என்று யோசித்தான். மாமா வெறுங்காலோடு கண்ணாடியை ஒட்டி நின்றார். விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கொஞ்சம் தளர்த்தினால் தண்ணீர் புகுந்தது, இறுக்கினால் தோள் வலித்தது. முன்னால் மெஷின், பின்னால் பால்கனிக் கம்பி, பக்கத்தில் கதவு. இப்படித்தானே இத்தனை நாளும் இருந்தோம், இன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

மாமா கண்ணாடியில் நெற்றியை வைத்து உற்றுப் பார்த்தார். "என்னப்பா, மெஷின் பார்க்க வந்த ஆளா நீ?"

மறுத்துப் பயனில்லை. ஆமாம் என்றான்.

மாமாவின் முகம் இளகியது. கல்யாணமான நாளிலிருந்து அவனை வாங்க, போங்க என்றே பேசியவர், மெஷின்காரனிடம் நீ, வா, போ என்று சகஜமாகப் பேச ஆரம்பித்தார். என்ன கோளாறு என்று விசாரித்தார். அவன் விளக்கினான். இப்போது வருகிற சாமானெல்லாம் இப்படித்தான், தகரத்துக்கு வர்ணம் பூசி விற்கிறான்கள் என்றார். பிறகு பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். கண்ணாடி வழியே அவன் காதை நெருக்கிக் கேட்க வேண்டியிருந்தது.

"இங்க ஒருத்தன் இருக்கான். நாள் பூரா என்னையே பார்த்துக்கிட்டிருப்பான். எந்திரிச்சா எங்க போறீங்கம்பான். கதவைப் பூட்டிச் சாவிய ஒளிச்சு வெச்சிருக்கான். நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அடிக்கிறானா என்று கேட்டான்.

"அடிக்கிறதெல்லாம் இல்ல. சோறு போடுறான். ஆனா சிரிக்கவே மாட்டான்." மாமா கண்ணாடியைத் துடைத்தார். "நீ போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போயிடேன்."

அவன் தன் கைகளைப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"கூட்டிட்டுப் போறேன். தாழ்ப்பாளைத் திறங்க."

"நிஜமா?"

"நிஜமா."

தாழ்ப்பாள் விலகியது. அவன் ஹோஸை விட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடி வால்வை மூடினான். பால்கனியில் தண்ணீர் சத்தம் அடங்கியது. குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

திரும்பி வந்தபோது மாமா ஷூ போட்டுக்கொண்டு வாசல் கதவருகே நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் சீப்பும் டிவி ரிமோட்டும் இருந்தன.

"வா, நேரமாச்சு" என்றார்.

மறுபடி டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறந்துபோவார். அது அவனுக்குத் தெரியும். இந்த மாதிரிச் சின்னப் பொய்களில்தான் அவனுடைய பகல்கள் ஓடின. தரை முழுக்கத் தண்ணீர், மெஷினுக்குள் விரிப்புகள், கீழே அக்காவுக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். இருந்தும் அவன் மேல்தட்டிலிருந்து சாவியை எடுத்தான். ஏன் எடுத்தீர்கள் என்று பிறகு மனைவி கேட்டபோதும் அவனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்த மனிதர் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார் என்று மட்டும் சொன்னான்.

டைலர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டான். நனைந்ததெல்லாம் திரைச்சீலைத் துணிதான், காய்ந்தால் சரியாகிவிடும், முதலில் நீ சட்டையை மாத்து என்றாள் அவள். அவன் மாற்றவில்லை. மாமா அவனை இழுத்துக்கொண்டு தெருவில் வேகமாக நடந்தார். அந்த ஆள் பார்த்துவிடப் போகிறான், சீக்கிரம் வா என்றார். அவனுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, நடுத்தெருவில், ஈரச் சட்டையோடு.

உதிரிபாகக் கடையில் வால்வைக் கேட்டான். கடைக்காரர் மெஷின் மாடலைக் கேட்டு, பெட்டிகளுக்குள் தேடினார். அவன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பியபோது மாமாவின் முகம் மாறியிருந்தது. நடந்த களைப்பு. வண்டிகளின் இரைச்சல் வேறு. கடைப் படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வலது பக்கமும் இடது பக்கமும் பார்த்தார். தெரு அவருக்குப் பிடிபடவில்லை.

"தம்பி" என்றார். "எங்க மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் குடு. அவருக்கு வழி தெரியும்."

அவன் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். நான்தான் மாமா என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டான். "சொல்லிட்டேன். வந்துக்கிட்டே இருக்கார்" என்றான்.

மாமா நிம்மதியாகத் தலையாட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்குள் வந்து ஷூவைக் கழற்றியவர், தரையெல்லாம் ஏன் ஈரம் மாப்பிள்ளை என்று கேட்டார்.

மதியம் அவன் புது வால்வை மாட்டினான். பழையதைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே மூடும் ரப்பரில் ஒரு மணல்துகள் கடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னான். தாழ்ப்பாள் போட்ட கதையில் அவள் சிரித்தாள். சிரிக்கவே மாட்டான் என்று சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததை அவன் அப்போதுதான் சொன்னான்.

"என்னால இதுக்குமேல தனியா முடியாது. அவரையும் அடைச்சு வெச்சு, நானும் அடைஞ்சு கிடந்து... உங்க அண்ணன் வரணும். வாரத்துல ஒரு நாளாவது."

வீட்டில் இருக்கிற ஆளுக்கு என்ன கஷ்டம் என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்ததை அவன் பார்த்தான். அவள் அதைச் சொல்லவில்லை. உடனே ஒத்துக்கொள்ளவும் இல்லை. முகம் கழுவப் போனாள், நேரம் கழித்து வந்தாள், பிறகு அண்ணனுக்குப் போன் செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். குரல் மட்டும் உயர்ந்தும் தாழ்ந்தும் கேட்டது.

சனிக்கிழமை மச்சான் வந்தான். மருந்து எது, எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்டான், கொஞ்சம் முறைப்பாகத்தான். மாமா மகனைப் பார்த்து, உட்காருப்பா, டீ குடிக்கிறியா என்றார். யார் என்று தெரிந்து சொன்னாரா என்று சொல்ல முடியாது.

மச்சானை மாமாவோடு விட்டுவிட்டு அவன் படியிறங்கித் தெருவுக்கு வந்தான். எங்கே போவது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்து பஸ் ஸ்டாப்பில் நின்றான். முதலில் வந்த பஸ்ஸில் ஏறினான். கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

"கடைசி ஸ்டாப்" என்றான்.