மணல்தொட்டிக்கு ஒரு நிழல்

“கையைத் தூக்கு.”

“தூக்கிட்டேன்.”

“இன்னொரு கை.”

“அதுல பிரஷ் இருக்கும்மா!”

“பிரஷ்ஷோடயே தூக்கு. நுரை ஒழுகினா ஒழுகட்டும். க்ரீம் ஒரு இடம் விடாம பூசணும்.”

பொத்தான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, போலீஸ்காரரிடம் மாட்டிய திருடனைப் போல நின்றாள். நான்கு வயது. வட்ட முகம், நடுவில் சின்னதாக இரண்டு கண்கள். பிறந்த அன்றைக்கே அப்பா வைத்த செல்லப் பெயர் அது. இடது காதுக்குக் கீழே தொடங்கி, கழுத்து, தோள், முழங்கை வரை அவளுடைய தோல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. வெளிர் சிவப்பாக, மெல்லியதாக, கசங்கி விரித்த காகிதம் போல. எட்டு மாதத்துக்கு முன்னால் மேசை ஓரத்தில் இருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை அவள் எட்டி இழுத்ததன் மிச்சம். பாத்திரத்தை ஓரத்தில் வைத்தவள் அம்மா. அதை வீட்டில் யாரும் சொல்லிக்காட்டியதில்லை. அவளே தினமும் ஒரு தரமாவது தனக்குச் சொல்லிக்கொள்வாள்.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

“புண் ஆறிடுச்சும்மா. ஆனா இது புதுத் தோல். ஒரு வருஷத்துக்கு நேர் வெயில் படவே கூடாது. பட்டா கறுத்துப்போய் அப்படியே நின்னுடும். முழுக்கைச் சட்டை, தொப்பி, க்ரீம், எல்லாத்துக்கும் மேல நிழல். இன்னொண்ணு. குளிர் விட்டு வெயில் ஆரம்பிக்குது பாருங்க, அப்பதான் எல்லாரும் ஏமாறுவாங்க. காத்து ஜில்லுனு இருக்கும், வெயில் உறைக்காது. ஆனா சுடும்.”

அந்த நாள்தான் இது. குளிர் விட்டுவிட்டது. குழந்தைகள் காப்பகத்தில் இன்றிலிருந்து முற்றத்து மணல்தொட்டியைத் திறக்கிறார்கள்.

“அம்மா, நானும் மணலுக்குப் போவேன்ல?”

“போவே.”

“ஜன்னல்ல உக்காரச் சொல்ல மாட்டாங்கல்ல?”

“மாட்டாங்க. அதுக்குத்தான் அம்மா பெருசா துணி தைச்சுக் கட்டியிருக்கேன்ல? உனக்குன்னு ஒரு நிழல்.”

“எனக்கு மட்டுமா? குட்டையனுக்கு?”

“உன் கூட்டாளிதானே, அவனுக்கும்தான். ஒரு ஓரமா குடு, போனாப் போகுது.”

அம்மாவுக்கு வேலை ஒரு கூடாரத்துணிப் பட்டறையில். கடைகளின் முகப்புக்கும், சந்தைக்கும், லாரிகளுக்கும் துணி தைக்கிற இடம். காப்பகத்து டீச்சர், “நிழல் இருந்தா பொத்தானை வெளிய விடலாம். இல்லேன்னா என்னால பொறுப்பேத்துக்க முடியாதும்மா” என்று கைவிரித்தபோது, அவள் நேராக மாஸ்டரிடம் போய் நின்றாள். பட்டறை மாஸ்டர் வாயால் கடிப்பவர், கையால் கொடுப்பவர். “துணி நான் தரேன், தையல் நீ போடு. எனக்கு நன்றி கின்றி சொல்லி நேரத்தை வீணாக்காதே” என்றார். பத்து வகைத் துணியை எரியும் பல்புக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, ஒரு புள்ளி வெளிச்சமும் வராத துணியாக அவள் பொறுக்கினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதற்கே கொடுத்து, விளிம்புக்கு மூன்று வரிசைத் தையல் போட்டாள்.

கட்டப் போன அன்று ஒரு சிக்கல். மணல்தொட்டியை ஒட்டித் தண்ணீர்க் குழாய் ஓடியது, அங்கே கம்பம் நட முடியாது. மாஸ்டர் கம்பங்களைச் சற்றுத் தள்ளி, சுவர்ப் பக்கமாகவே நட்டார். துணியை இழுத்துக் கட்டினால், நிழல் சாய்ந்து போய்ச் சரியாகத் தொட்டிக்குள் விழுந்தது. “பார்த்தியா? அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி!” என்று மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அது நல்ல குளிர்காலம்.

*

பொத்தானைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அம்மா பட்டறைக்கு வந்து, மெஷினில் இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். வெளியே போகக் கிளம்பிய மாஸ்டர் வாசலிலிருந்து கத்தினார்.

“ஐயோ! எவன்டா அவன்? எவன் என் வண்டியை நகர்த்தினது?”

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மாஸ்டர் ஸ்கூட்டரில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தோசைக்கல் மாதிரி கொதிக்குது சீட்டு! நிழல்ல நிறுத்தின வண்டியை வெயில்ல தள்ளியிருக்கான் பாரு ஒருத்தன்.”

“யாரும் தொடலை மாஸ்டர். நீங்க தினமும் நிறுத்துற இடம்தான். கீழ எண்ணெய்க் கறை இருக்கு பாருங்க” என்றாள் அம்மா.

“அப்ப எப்படி வெயில் வந்துச்சு? மேல சாம்பிள் துணி கட்டியிருக்கேன்ல? குளிர் முழுக்க இங்கதானே நிழல் விழுந்துச்சு?”

அம்மா துணியைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். நிழல் வண்டிக்கு எட்டாமல், இரண்டு முழம் பின்வாங்கி, துணிக்கு நேர் கீழே சுருண்டு கிடந்தது.

“மாஸ்டர், வண்டி நகரலை. நிழல் நகர்ந்துடுச்சு.”

“என்ன உளர்றே?”

“குளிர்ல சூரியன் தாழ்வா இருந்துச்சு, நிழல் நீளமா சாய்ஞ்சு விழுந்துச்சு. இப்ப மேல ஏறிடுச்சு. நிழல் குட்டையாயிடுச்சு. நாம காப்பகத்துல எப்ப அளந்தோம்?”

மாஸ்டரின் கை மீசைக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

“முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்…” என்று ஆரம்பித்தவர், “ஓடு நீ! நான் கயிறு எடுத்துட்டுப் பின்னாடியே வரேன்” என்றார்.

*

அவள் ஓடினாள். கழுத்தில் அளவுநாடா தொங்குவதுகூட நினைவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, “என்ன சுகமான காத்து” என்று நடந்தார்கள். அந்தச் சுகமான காற்றுதான் அவளைப் பயமுறுத்தியது. வெயில் சுள்ளென்று உறைத்தால் குழந்தை தானே உள்ளே ஓடிவிடும். இந்தக் காற்றில் ஒன்றும் தெரியாமல், தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, மணி நேரக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் டீச்சர் அவளை மட்டும் உள்ளே உட்கார வைத்திருப்பார். எது மோசம் என்று அவளுக்கே தெரியவில்லை.

காப்பகத்தின் கதவைத் தள்ளினாள். நினைத்தது சரிதான். தொட்டி முழுக்கப் பளீரென்ற வெயில்.

ஆனால் தொட்டியில் குழந்தைகள் இல்லை. மணலும் இல்லை. ஈரத் தரை மட்டும் பல்லைக் காட்டியது.

“பொத்தான்!”

“அம்மா, மிதிக்காதே! அது நாங்க வெட்டின ஆறு!”

குரல் பக்கவாட்டிலிருந்து வந்தது. சுவர் ஓரம், அவள் தைத்த துணிக்கு நேர் கீழே, அடர்ந்த நிழலில், பழைய தார்ப்பாயை விரித்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி, அதற்குள் அத்தனை மணலும் குவிந்திருந்தது. பதினோரு குழந்தைகள் அதில் முழங்கால் வரை புதைந்திருந்தார்கள். நடுவில் பொத்தான், முழுக்கைச் சட்டையும் தொப்பியுமாக, குட்டையனின் காலை மணலால் மூடிக்கொண்டிருந்தாள். ஒரு பொட்டு வெயில் அவள்மேல் இல்லை.

செங்கல் வரிசை ஓரத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள் காப்பகத்து ஆயா. ஆள் வாட்டசாட்டம். ஒரே நேரத்தில் மூன்று குழந்தைகளைத் தூக்குவாள் என்பதால் எல்லாருக்கும் அவள் லாரி ஆயா.

“என்ன பொத்தான் அம்மா, தீ பிடிச்ச மாதிரி ஓடி வர்றே?”

“அக்கா… நிழல்… நாங்க தப்பா அளந்து…”

“தெரியும். நாலு நாளா பார்த்துட்டுதான் இருக்கேன். தினம் ரெண்டு விரல் பின்னாடி போகுது. காலைல டீச்சர்கிட்ட சொன்னேன். அவங்க, ‘அப்ப இன்னிக்கு பொத்தான் மட்டும் உள்ள இருக்கட்டும்’னாங்க.”

கதவருகே நின்ற டீச்சர் சங்கடமாகச் சிரித்தார். அவருடைய செருப்பிலும் மணல் ஒட்டியிருந்தது.

“சொன்னேன்தான். வேற வழி தெரியலை எனக்கு. இவங்க கேக்கணுமே!”

“எப்படிக் கேப்பேன்?” என்றாள் லாரி ஆயா. “மாசக்கணக்கா அந்தக் குழந்தை ஜன்னல் கண்ணாடில மூக்கை வெச்சுத் தேய்ச்சு, வட்டமா ஒரு கறை விழுது. தினமும் சாயங்காலம் அதைத் துடைக்கிறது யாரு? நான்! நிழலை இழுக்க எனக்குத் தெரியாது. மணல் அள்ளத் தெரியும். வாளியை எடுத்தேன்.”

“எத்தனை வாளி அக்கா?”

“பொத்தானைக் கேளு. ஜன்னல்ல நின்னு அவதான் எண்ணினா.”

“இருபது!” என்றாள் பொத்தான், தலையைத் தூக்காமல்.

“இருபது வந்ததும் மறுபடி ஒண்ணுலயிருந்து எண்ணுவா. அப்படி நாலு தடவை ஆச்சு. கடைசில டீச்சரே பொறுக்காம இன்னொரு வாளி எடுத்துட்டு வந்துட்டாங்க.”

அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

“அழுறதா இருந்தா அந்தப் பக்கம் போய் அழு. மணலை ஈரமாக்கினா இதுங்க வீடு கட்டறேன்னு என் உயிரை எடுக்கும்.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்போதுதான் ஆயாவின் பிடரி கண்ணில் பட்டது. வெயிலில் குனிந்து குனிந்து அள்ளியதில் கழுத்து கன்றிச் சிவந்திருந்தது. தொப்பியும் இல்லை, ஒன்றும் இல்லை.

பையிலிருந்து க்ரீமை எடுத்தாள்.

“திரும்புங்க அக்கா.”

“எனக்கு எதுக்கு? நான் என்ன சின்னக் குழந்தையா? காத்து ஜில்லுனுதானே இருந்துச்சு.”

“இப்படித்தான் ஏமாறுறாங்களாம், டாக்டர் சொன்னார். திரும்புங்க.”

“அம்மா விடாது, ஆயா” என்றாள் பொத்தான், அனுபவசாலியாக. “நுரை ஒழுகினாலும் விடாது.”

லாரி ஆயா முனகிக்கொண்டே திரும்பினாள். அம்மா அந்தப் பிடரியில், தன் மகளுக்குப் பூசுவதைவிட மெதுவாக, விரல் நுனியால் பூசினாள். பிறகு கழுத்திலிருந்த நாடாவை எடுத்து ஆயாவின் தலையைச் சுற்றி அளந்தாள்.

“இது என்னடி?”

“அதே துணில மிச்சம் இருக்கு. அகலமா விளிம்பு வெச்சு, பின்னாடி கழுத்து மறையற மாதிரி ஒரு தொப்பி. நாளைக்குக் கொண்டு வரேன்.”

“எனக்கும்!” என்றான் குட்டையன். பத்து தலைகள் உடனே நீண்டன.

தலைகளை அளந்துகொண்டிருந்தபோது மாஸ்டர் கயிறும் கடப்பாரையுமாக வந்து சேர்ந்தார். வெயிலில் காலித் தொட்டி, நிழலில் மணல், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“யார் செஞ்ச வேலை?”

“நான்தான். தப்பா மாஸ்டர்?” என்றாள் லாரி ஆயா.

“முப்பது வருஷம் தொழில் பண்ணியும் எனக்கே தோணலையே இது” என்றார் மாஸ்டர். மீசைப் பக்கம் கை போகவே இல்லை. “கம்பத்தைப் பிடுங்க வந்தேன். வேண்டாம். நல்ல பலகையா கொண்டு வந்து இங்கேயே தொட்டி கட்டிடறேன். ஆமா… குளிர் திரும்ப வந்தா?”

“வந்தா இருபது வாளி” என்றாள் பொத்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர்தான் சிரிப்பை முதலில் நிறுத்தியவர். அவர் கையில் வாளிப்பிடி அழுத்திய தடம் இன்னும் இருந்தது.

பட்டறைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. ஆயா ஒரு துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு உள்ளே போனாள். அம்மாவும் பின்னால் போனாள். அறைக்குள், முற்றம் பார்த்த ஜன்னலில், நான்கு வயதுக் குழந்தையின் உயரத்தில், காலையில் வாளி எண்ணியபோது விழுந்த வட்டக் கறை அப்படியே இருந்தது. அதற்குள்ளே, க்ரீம் பூசிய மூக்கின் வெள்ளைத் தடம்.

ஆயா துணியை ஓங்கினாள்.

“அக்கா, அதை இப்படிக் குடுங்க” என்றாள் அம்மா. “இன்னிக்கு நான் துடைக்கிறேன்.”