நாற்பத்திரண்டு கெட்டில்

கோக்சாய் ஆற்றங்கரை மின்நிலையத்தின் வரலாற்றைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றும். கூட்டுப்பண்ணைக் காலத்தில் கட்டினார்கள். பண்ணை கலைந்ததும் ஆளுக்கொன்றாகப் பிய்த்துக்கொண்டு போனார்கள். டர்பைன் சக்கரத்தைக் கவிழ்த்துப்போட்டு ஒருவர் கோழி அடைத்தார். வோல்ட் மீட்டர் வாத்தியார் வீட்டுச் சுவரில் ஏறியது. மனுஷர் அதில் மணி வேறு பார்த்தார்! ஜிபர்குல்தான் வீடு வீடாகச் சண்டை போட்டு எல்லாவற்றையும் மீட்டு, மறுபடி ஓடவைத்து, இன்றுவரை நடத்துகிறாள். கோழிகளோடு போட்ட சண்டைதான் பெரிது.

அதை இப்போது மூடப்போகிறார்களாம். மாவட்டத்திலிருந்து பரிசோதகர் எர்னிஸ் வருகிறார். வோல்ட் மீட்டர் முள் ஒரு மணி நேரம் இருநூற்றிருபதில் நிற்கவேண்டும், இறங்கினால் பூட்டு. ஜிபர்குல் முதல் நாளே ஊரைக் கூட்டினாள்.

"நாளைக்கு எவளாவது சுவிட்சுல கை வெச்சீங்க, தொலைச்சுப்புடுவேன்!"

"அட போடி, நாங்க என்ன பச்சப்பிள்ளைங்களா?" என்றாள் எதிர்வீட்டு சைராகான்.

மறுநாள் காலை எர்னிஸ் பாலத்தில் வண்டியை விட்டுவிட்டு, தெருவோடு நடந்தே வந்தார். மின்நிலையத்துக்குள் வந்து உட்கார்ந்து, பெரிய பூட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். முள் இருநூற்றிருபதில் நின்றது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நூற்றெண்பது. நூற்றைம்பது. பல்பு சிவந்துபோனது.

வேறென்ன? தெருவில் விருந்தாளி நடந்ததை ஊரே பார்த்துவிட்டது. விருந்தாளிக்குத் தேநீர் தராத வீட்டில் பெண் எடுக்கக்கூட ஆள் வராதே; வீட்டுக்கு வீடு மின்சாரக் கெட்டில் ஏறிவிட்டது. ஜிபர்குல் வெளியே பாய்ந்தாள்.

"கெட்டிலைப் பிடுங்கித் தொலைங்கடி!"

"ஒரே ஒரு கெட்டில்தான்டி! மத்தவங்க யாரும் போடமாட்டாங்கன்னுதான் நான் போட்டேன்!" என்று சைராகான் கத்தினாள். நாற்பத்தோரு வீட்டிலும் அதே பதில்.

ஒவ்வொருத்தியாகப் பிடுங்கினார்கள். ஜிபர்குல் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்; முள் ஏறி, இருநூற்றுப் பதினைந்தில் நின்றுவிட்டது.

"எவடி அவ? இன்னும் ஒருத்தி பிடுங்கல!"

எர்னிஸ் வாசலுக்கு வந்து இருமினார். "அக்கா... அது உள்ள, உங்க மேசையிலதான் கொதிக்குது."

அவர் வந்து உட்கார்ந்ததுமே அவள் கை தன்னால் போட்டிருக்கிறது! மானம் போயிற்று. ஜிபர்குல் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"பூட்டிட்டுப் போங்க தம்பி. தப்பு என்னோடதுதான்."

எர்னிஸும் இந்த மலையில் பிறந்தவர்தானே. பூட்டைப் பார்த்தார், கெட்டிலைப் பார்த்தார்.

"டீ குடிக்காம எழுந்து போனேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. முதல்ல டீ. அப்புறம் அந்த ஒரு மணி நேரத்தைப் புதுசா எண்ணலாம்."

"எங்க வீட்டுல குடிக்காமலா?" என்றாள் வாசலில் நின்ற சைராகான். அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். ஒரு வீட்டில் குடித்து இன்னொரு வீட்டைத் தாண்டிப்போனால் அது ஏழு தலைமுறைக்கும் பகை.

ஜிபர்குல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு வீடா போங்க தம்பி. ஒரு நேரத்துல ஒரே ஒரு கெட்டில். அவசரமே இல்ல."

இன்று நான்காவது நாள். எர்னிஸ் பத்தொன்பதாவது வீட்டில் ரொட்டியும் பாலாடையும் தின்றுகொண்டிருக்கிறார். ஜிபர்குல் அந்தப் பூட்டைக் கோழிக்கூண்டுக்குப் போட்டுவிட்டாள்.